காட்டிலிருந்து கடிதம் எழுதியவர்

"எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாவது மலைப்பக்கம் போயிடணும்" என்று ஒரு தடவையாவது சொல்லாதவர்கள் நம்மில் குறைவு. வீட்டுக்கடன் தவணை கட்டிய மறுநாள் ஒருவர் சொல்வார். மகளுக்குக் கல்லூரியில் இடம் தேடி அலைந்து களைத்தவர் சொல்வார். சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, வேலைக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் சொன்னதைச் செய்துவிட்டார். அதனால் யார் இதைச் சொன்னாலும் என்னால் சும்மா கேட்டுவிட்டு நகர முடிவதில்லை.

என் பெரியப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்தார். தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வருஷா வருஷம் போகிறவர்தான். ஆனால் அந்த முறை கைக்கடிகாரத்தையும் பீரோ சாவியையும் சாமி அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பெரியம்மா கவனித்தபோது இரண்டு நாள் ஆகிவிட்டது. துண்டுச் சீட்டுகூட இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து மலைமேல் சுந்தர மகாலிங்கம் கோயில் வரை ஏறி இறங்கித் தேடினார்கள். காவி வேட்டியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அடுத்த வருஷம் வேறொருவர் வெள்ளியங்கிரியில் பார்த்ததாகச் சொன்னார். அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அவர் ஏமாற்றிவிட்டு ஓடியவர் இல்லை. கடனும் இல்லை, சண்டையும் இல்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்காரும்போது, "அடுத்தவன் கணக்கை எழுதவா நான் பொறந்தேன்?" என்று கேட்பார். சின்னப் பிள்ளையாக இருந்த எனக்கு அந்தக் கேள்வியில் ஓர் ஈர்ப்பு இருந்தது. அவர் உண்மையாகவே எதையோ தேடித்தான் போனார் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

ஆனால் பெரியம்மா பட்டது எனக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டோடு வருகிற பெண்கள் அவருக்கு முன்னால் வந்ததும் ஒரு நொடி நிற்பார்கள். நீட்டலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியாது. பெரியம்மாவே கையை நீட்டி எடுத்துக்கொள்வார். ஏழு ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை அப்படிச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவு அப்படித்தான் இருந்தது. ஊரில் விவரம் தெரிந்தவர்கள் அந்த ஏழு ஆண்டு முடிந்ததும் வந்து, கோர்ட்டுக்குப் போனால் நிலத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பெரியம்மா போகவில்லை. "நானே போய் அவரைச் செத்தவரா எழுதி வாங்கணுமா?" என்று கேட்டார். அந்த நிலம் இன்னும் பெரியப்பா பேரில்தான் இருக்கிறது.

காட்டுக்குத் தனியாகப் போனவர்களைப் பற்றி எங்கே என்ன கிடைத்தாலும் நான் படிக்கத் தொடங்கியது இதனால்தான். ஒரு மனிதர் தன்னந்தனியாக வாழப் போவது, விட்டுவந்தவர்களைத் தண்டிப்பதாகத்தான் முடிய வேண்டுமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அப்படி இல்லை என்று எனக்குக் காட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு டீசல் மெக்கானிக். ரிச்சர்ட் ப்ரென்னெக்கி என்று பெயர். தமிழில் அவரைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1916இல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய மறுநாள் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து தச்சராக வேலை பார்த்தார். போர்க்காலத்தில் வாதக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதுவரை உடம்பைப் பற்றி யோசிக்காமல் இருந்தவர், அதற்குப் பிறகு உடம்பைப் பேணுவதை ஒரு கடமையாகவே எடுத்துக்கொண்டார். டீசல் இயந்திர வேலை படித்தார். அலாஸ்காவுக்குப் போய் கோடியாக் தீவின் கடற்படைத் தளத்தில் கனரக வாகனங்களை ஓட்டினார், பழுது பார்த்தார், சால்மன் மீன்பிடியிலும் வேலை செய்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பாதித்ததைச் சேர்த்து வைத்தார். ஐம்பதைத் தாண்டியதும் வேலையை விட்டுவிட்டு ட்வின் லேக்ஸ் என்ற இரட்டை ஏரிகளின் கரைக்குப் போனார். ஆங்கரேஜ் நகரத்துக்குத் தென்மேற்கே, மலைகளுக்கு நடுவே இருக்கிற ஏரிகள். சாலை கிடையாது. மிதவை பொருத்திய சிறிய விமானம் தண்ணீரில் இறங்கினால்தான் உண்டு. குளிர்காலத்தில் அதே விமானம் சறுக்குக் கட்டைகளோடு பனிக்கட்டி மேல் இறங்கும்.

அவர் போன விதத்தைக் கவனிக்க வேண்டும். குடியேறியது 1968 மே மாதம். ஆனால் அதற்கு முந்தின கோடையிலேயே அங்கே வந்து, ஸ்ப்ரூஸ் மரங்களை வெட்டி, பட்டை உரித்து, அடுக்கிக் காயப்போட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். தன் வீடு எழும்பும்வரை தங்கிக்கொள்ள நண்பர் ஒருவரின் குடிலுக்கும் ஏற்பாடு செய்திருந்தார். பெரியப்பா மாதிரி ஒரு நாள் காலையில் எழுந்து போய்விடவில்லை. மனம் வெறுத்துப் போகிறவருக்கு ஒரு வருஷம் காத்திருக்கப் பொறுமை இருக்காது. ப்ரென்னெக்கிக்கு எதன்மீதும் வெறுப்பு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கருவிகளை அவர் காம்பு இல்லாமல்தான் கொண்டுபோனார். கோடாலியின் இரும்பு, துளைப்பான், உளி என்று தலைப்பகுதி மட்டும். சுமை குறையும், காம்பை அங்கேயே செதுக்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. உள்ளளவில் 11 அடிக்கு 15 அடி என்று ஒரு மர வீடு. மின்சாரக் கருவி ஒன்றும் இல்லாமல் ஒற்றை ஆளாகக் கட்டினார். ஒரு மரத்தின் மேல் இன்னொரு மரம் உட்காருகிற இடத்தைக் கீறி, குடைந்து, தூக்கி வைத்துப் பார்த்து, மறுபடி இறக்கிச் செதுக்கி, இடைவெளி தெரியாமல் பொருத்தியிருக்கிறார். கதவின் கீல்கள்கூட மரத்தில் செய்தவை. தாழ்ப்பாளும் மரம். கணப்பு அடுப்புக்கு ஏரிக்கரைக் கல். கூரைமேல் பாசியைப் பரப்பினார். பெட்ரோல் டின்களை வெட்டிப் பாத்திரமாகவும் வாளியாகவும் மாற்றிக்கொண்டார்.

இதெல்லாம் எப்படி எனக்குத் தெரிகிறது என்றால், அவரே படம் எடுத்து வைத்திருக்கிறார். முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஓடவிட்டு, அதன் முன்னால் வந்து மரத்தைச் செதுக்குவார். தூரத்தில் அவர் பனியில் நடந்து போவதாக ஒரு காட்சி இருந்தால், அப்படி நடந்து போனவர் கேமராவை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த நடைதான் என்னை நெகிழ வைக்கிறது. சுற்றிலும் ஓர் ஆள் இல்லாத இடத்தில், என்றைக்கோ யாரோ பார்ப்பார்கள் என்பதற்காக ஒரு மனிதர் இரண்டு மடங்கு தூரம் நடக்கிறார்.

சாப்பாடு எளிமையானது. ஓட்ஸ், பீன்ஸ், ஏரி மீன், கோடையில் புளூபெர்ரி, குடிலுக்குப் பக்கத்தில் போட்ட பாத்தியில் உருளைக்கிழங்கும் வெங்காயமும். நம் வீடுகளில் பழைய தோசை மாவில் ஒரு கரண்டி எடுத்து வைத்துப் புது மாவைப் புளிக்க வைப்பதுபோல, அவரும் ஒரு புளித்த மாவைச் சாகவிடாமல் காப்பாற்றி வந்தார். அதிலிருந்துதான் ரொட்டியும் அடையும். பிற்பாடு வேட்டையாடுவதை விட்டுவிட்டார். வெளியிலிருந்து வரும் வேட்டைக்காரர்கள் கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு இறைச்சியைப் போட்டுவிட்டுப் போவது அவருக்குத் தாங்காது. அதைச் சுமந்து வந்து பயன்படுத்துவார். அவர்கள் விட்டுப்போன குப்பையையும் பொறுக்குவார்.

அப்புறம் அந்தக் குறிப்பேடுகள். ஏறக்குறைய முப்பது ஆண்டு அங்கே வாழ்ந்தவர், நாள் தவறாமல் எழுதினார். காலையில் என்ன வெப்பநிலை, காற்று எந்தப் பக்கம், ஏரி எந்தத் தேதியில் உறைந்தது, எந்தத் தேதியில் உடைந்தது, பனிக்கட்டி எத்தனை அங்குலம், கரடி எந்தப் பக்கமிருந்து வந்தது. குளிர்காலத்தில் மைனஸ் 40 வரை இறங்குகிற இடத்தில் எழுந்து வெப்பமானியைப் பார்த்து எழுத வேண்டும். யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பகுதி 1978இல் தேசிய அளவில் பாதுகாக்கப்பட்ட பகுதியாகவும் 1980இல் லேக் கிளார்க் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட பிறகு, பூங்காத் துறைக்கு அவருடைய பதிவுகள் பெரிய சொத்தாயின. 40 லட்சம் ஏக்கர் பரப்பில் ஓர் ஏரியின் தினசரி வாழ்க்கை எழுத்தில் இருக்கிறது என்றால் அவரால்தான்.

பெரியப்பாவை நினைக்காமல் இந்த இடத்தை என்னால் கடக்க முடியாது. கணக்கு எழுதவா பிறந்தேன் என்று கேட்டுவிட்டுப் போனவர் அவர். இவரோ காட்டுக்குப் போய் அன்றாடம் கணக்கு எழுதினார். எழுதுகிற வேலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒருவருக்கு அது பாரமாகவும் இன்னொருவருக்கு உயிர்ப்பாகவும் இருந்ததற்கு, யாருடைய கணக்கு என்பது மட்டும்தான் காரணமா? நான் அப்படி நினைக்கவில்லை. ப்ரென்னெக்கி தான் பார்த்ததை இன்னொருவருக்குச் சொல்லத் தகுந்ததாக நினைத்தார்.

அதைவிட முக்கியம் அவருடைய கடிதங்கள். போர்ட் ஆல்ஸ்வொர்த் என்ற குடியிருப்பிலிருந்து பேப் ஆல்ஸ்வொர்த் என்ற விமானி, சாமான்களையும் தபாலையும் கொண்டுவருவார். ஏரி உறைகிற சமயத்திலும் உடைகிற சமயத்திலும் மிதவையும் இறங்க முடியாது, சறுக்குக் கட்டையும் இறங்க முடியாது. வாரக்கணக்கில் யாரும் வர முடியாத நாட்கள் அவை. அந்த நாட்களிலும் எழுதிச் சேர்த்து வைப்பார். விமானம் வந்ததும் கட்டாகக் கொடுத்து அனுப்புவார். அப்பாவுக்கு, சகோதரர்களுக்கு, நண்பர்களுக்கு. பின்னாளில் முகம் தெரியாத அந்நியர்களுக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒருவரையும் சொல்ல வேண்டும். கிறிஸ்டோபர் நைட். 1986இல் இருபது வயதில், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், காரைக் காட்டுப்பாதையில் நிறுத்தி, சாவியைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு நடந்து போனார். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் போனோம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. 27 ஆண்டுகள். நார்த் பாண்ட் என்ற ஏரியின் அருகே, பாறைகளுக்கு நடுவே மறைவாக ஒரு கூடாரம். புகை தெரிந்தால் பிடிபட்டுவிடுவோம் என்று அத்தனை குளிர்காலத்திலும் ஒரு முறைகூட விறகு மூட்டித் தீக்காயவில்லை. உறைந்து சாகாமலிருக்க நடுநிசிக்குப் பின் எழுந்து விடியும்வரை கூடாரத்தைச் சுற்றி நடப்பார். அத்தனை ஆண்டில் எதிரே வந்த ஒருவரிடம் "ஹாய்" என்று சொன்னதுதான் அவர் பேசிய ஒரே பேச்சு.

சாப்பாட்டுக்குத் திருடினார். ஏரியைச் சுற்றியிருந்த விடுமுறைக் குடில்களிலும், மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு முகாமிலும் சுமார் ஆயிரம் முறை. கேஸ் சிலிண்டர், பேட்டரி, சாப்பாட்டுப் பொருள், துணி, புத்தகம். 2013 ஏப்ரலில் அந்த முகாமின் சமையலறையில்தான் பிடிபட்டார். அங்கே குடும்பத்தோடு வந்து தங்கியவர்கள் கால் நூற்றாண்டாக ஒரு நிழலுக்குப் பயந்து வாழ்ந்திருக்கிறார்கள். ஆயுதம் ஏந்தவில்லை, யாரையும் தொடவில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ராத்திரியில் ஜன்னல் சத்தம் கேட்டு விழித்த குழந்தைக்கு அது தெரியாதே.

அவர் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் ஒன்று உண்டு. சில குடில்காரர்கள், "தயவுசெய்து பூட்டை உடைக்காதீர்கள், என்ன வேண்டும் என்று எழுதி வையுங்கள், வாங்கி வைக்கிறோம்" என்று தாளில் எழுதி வாசலில் வைத்திருந்தார்கள். ஒரு தாளிலும் ஒரு வரி பதில் விழவில்லை. உப்பு வேண்டும் என்று எழுதியிருந்தால்கூடப் போதும், திருட்டு அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் எழுதினால் அவர் தனி ஆள் இல்லை என்று ஆகிவிடும். அதற்குத் திருடுவதே மேல் என்று தோன்றியிருக்கிறது.

பிடிபட்ட பிறகு ஒரு பத்திரிகையாளரிடம் கொஞ்சம் பேசினார். பார்ப்பதற்கு வேறு ஆளே இல்லாதபோது, தான் யார் என்பதே கரைந்துபோய்விட்டது என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு விடுதலை இருந்தது என்றும் சொன்னார். நான் அதை நம்புகிறேன். காட்டில் கண்ட பெரிய உண்மை என்ன என்று கேட்டதற்கு, நன்றாகத் தூங்குங்கள் என்றாராம். அந்தப் பதில் பலருக்கு ஏமாற்றம். எனக்கு அவர்மேல் மரியாதையைத்தான் கூட்டியது. இல்லாத ஒன்றைக் கண்டதாக அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் காட்டில் இருந்தபோதே அவர் தந்தை இறந்துபோனார். அந்த வீட்டில் யார் என்ன சொல்லிச் சமாதானம் செய்துகொண்டார்களோ.

கிறிஸ் மெக்கேண்ட்லஸை இந்த வரிசையில் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். சேமிப்பான 24,000 டாலரைத் தர்மம் செய்துவிட்டு, வேறு பெயர் வைத்துக்கொண்டு அலைந்து, 1992 ஏப்ரலில் ஒரு துப்பாக்கியோடும் நாலரைக் கிலோ அரிசியோடும் அலாஸ்கா காட்டுக்குள் போன இளைஞர். பழைய பேருந்து ஒன்றில் தங்கினார். ஜூலையில் திரும்பி நடந்தபோது, ஏப்ரலில் எளிதாகக் கடந்த ஆறு வெள்ளமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றைக் கடக்க ஒரு கம்பிவடம் அங்கிருந்து எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நல்ல வரைபடம் இல்லாததால் அது அவருக்குத் தெரியவில்லை. ஆகஸ்டில் பட்டினியில் இறந்தார். உடலைக் கண்டெடுத்தபோது எடை 30 கிலோ. வீட்டோடு உறவை அறுத்துக்கொள்ள அவருக்குக் காரணங்கள் இருந்தன என்று அவருடைய தங்கை பிற்பாடு எழுதினார். அதை நான் ஒதுக்க மாட்டேன். எல்லா வீடும் திரும்பிப் போகத்தக்க வீடு இல்லை. ஆனால் பேருந்தின் கதவில் அவர் ஒட்டிவைத்த உதவி கேட்கும் சீட்டை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. இரண்டு வருஷம் மாற்றுப் பெயரில் திரிந்தவர் அதில் தன் சொந்தப் பெயரை எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

அவரைப் பின்பற்றி அந்தப் பேருந்தைப் பார்க்கப் போன இரண்டு பேர் வழியில் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். மீட்புப் பணிகள் அடிக்கடி நடந்தன. 2020 ஜூனில் ஹெலிகாப்டர் வைத்துப் பேருந்தையே தூக்கிவிட்டார்கள். சரியான முடிவு.

இதெல்லாம் மேற்கத்தியர் கதை, நம் மரபே வேறு என்று சிலர் சொல்வார்கள். எங்கள் வீட்டிலேயே அந்தப் பேச்சு நடந்திருக்கிறது. "வேங்கடராமன் மதுரையிலிருந்து கிளம்பும்போது எல்லார்கிட்டயும் சொல்லிட்டா போனார்?" என்று பெரியப்பாவுக்கு ஆதரவாகச் சித்தப்பா கேட்டார். பின்னாளில் ரமண மகரிஷி ஆன அந்தப் பையனைத்தான் சொல்கிறார். நான் அதையும் தேடிப் படித்தேன். 1896 ஆகஸ்ட் 29 அன்று, பதினாறு வயதில், அவர் சொல்லாமல்தான் கிளம்பினார். ஆனால் எழுதி வைத்துவிட்டுப் போனார். நல்ல காரியத்துக்காகவே போகிறேன், யாரும் வருந்த வேண்டாம், தேடுவதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று ஒரு சீட்டு. அண்ணனுடைய கல்லூரிக் கட்டணத்துக்காக ஐந்து ரூபாய் கொடுத்திருந்தார்கள். அதில் ரயிலுக்காக மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, உன் கட்டணம் இன்னும் கட்டவில்லை, இதோடு இரண்டு ரூபாய் இருக்கிறது என்றும் அதில் எழுதியிருந்தார். உலகத்தையே விட்டுப் போகிற அந்த நேரத்திலும் அண்ணனின் பாக்கியை நினைத்திருக்கிறார்.

அந்தச் சீட்டால் அவருடைய அம்மா அழகம்மாள் அழாமல் இருந்தாரா? இல்லை. இரண்டு வருஷம் மகன் எங்கே என்று தெரியாமல் தவித்தார். 1898 கடைசியில் திருவண்ணாமலை பவழக்குன்றுக்கு வந்து, வீட்டுக்கு வா என்று நாள்கணக்கில் அழுது கேட்டார். மௌனத்திலிருந்த மகன், நடப்பதை யாராலும் தடுக்க முடியாது, நடக்காததை யாராலும் நடத்த முடியாது, ஆகவே மௌனமே நல்லது என்ற பொருளில் எழுதிக் காட்டினார். கடினமான பதில்தான். ஒரு தாயாக நின்று படித்தால் இன்னும் கடினம். ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. 1916இல் மகனோடு வாழவே மலைக்கு வந்தார். குகையில் பிச்சை எடுத்து உண்டவர்கள் நடுவே ஒரு சமையலறையைத் தொடங்கினார். 1922இல் அவர் இறந்ததும் மலையடிவாரத்தில் சமாதி அமைந்தது. அங்கே தினமும் இறங்கி வந்துகொண்டிருந்த மகன், அந்த ஆண்டு கடைசியில் அங்கேயே தங்கிவிட்டார். இன்றைய ஆசிரமம் எழுந்தது அந்த இடத்தில்தான். தனிமையைத் தேடி ஏறியவரைக் கீழே இறக்கியது அம்மாவின் சமாதி.

வீட்டை விட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டுப் போனவர்களை அவர் பெரும்பாலும் திருப்பியே அனுப்பியிருக்கிறார். குடும்பஸ்தன் என்ற எண்ணத்துக்குப் பதிலாகத் துறவி என்ற எண்ணம் வந்து உட்காரும், மனம் எப்படியும் கூடவே வரும் என்பது அவர் சொன்னதன் சாரம். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாரும் இல்லாத காடு என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். ட்வின் லேக்ஸ் இருக்கிற நிலம், ப்ரென்னெக்கி கோடாலியோடு வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே டெனைனா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். நோண்டால்டன் போன்ற ஊர்களில் இன்றும் அவர்கள் வாழ்கிறார்கள். வெளியிலிருந்து வந்தவருக்கு வனாந்தரமாகத் தெரிந்தது அவர்களுக்கு மீன் காய்கிற இடம், வலை போடுகிற இடம், பாட்டன் வந்த பாதை. நம் பக்கமும் அப்படித்தான். பளியர், காணிக்காரர், இருளர், காட்டுநாயக்கர் வாழ்கிற மலைகளைத்தான் நாம் மனித வாடை படாத இடம் என்று சொல்லிக்கொள்கிறோம். இப்போது சதுரகிரி, புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. சோதனைச் சாவடி உண்டு, மலையில் இரவு தங்க அனுமதி இல்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் பெரியம்மா, "இந்தக் கெடுபிடி அப்பவே இருந்திருக்கக் கூடாதா" என்பார்.

சரி, ப்ரென்னெக்கியின் மிச்சக் கதை. முதல் தடவை பதினாறு மாதம் இருந்தார். 1969 செப்டம்பரில், நன்றாகக் கட்டி முடித்த வீட்டை, அடுக்கி வைத்த விறகை, பழகிய பறவைகளை விட்டுவிட்டுக் கிளம்பினார். துரத்தியது யாரும் இல்லை. ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. போய்க் கூட இருந்து, பார்க்க வேண்டியவர்களைப் பார்த்து, அடுத்த வசந்தத்தில் திரும்பி வந்தார். அதற்குப் பின்னும் அவ்வப்போது குடும்பத்தைப் பார்க்கப் போய்வருவார். போன பாதையைத் திறந்தே வைத்திருந்தார். அவரைத் துறவி என்று சொல்லத் தகாது என்பார்கள் சிலர். சொல்ல வேண்டாம். ஏறக்குறைய முப்பது ஆண்டு ஒற்றை அறையில் தனியாக வாழ்ந்தவருக்கு அந்தப் பட்டம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன.

வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று கேட்டுக்கொண்டு அவர் அங்கே போகவில்லை. இந்த இடம் எதைக் கொடுத்தாலும் என் கையாலும் உடம்பாலும் ஈடுகொடுக்க முடியுமா என்று பார்க்கப் போனார். காலையில் எழுந்ததும் செய்ய வேலை இருந்தது. சாயங்காலம் எழுத விஷயம் இருந்தது. எழுதினால் படிக்க ஆள் இருந்தார்கள். பெரியப்பாவின் கேள்வியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது பெரிய கேள்விதான். ஆனால் அதை ஒருவரிடமும் பகிர்ந்துகொள்ளாமல், ஒரு வேலையையும் கையில் எடுத்துக்கொள்ளாமல், ஏந்திக்கொண்டே மலையேறினால் அங்கே என்ன கிடைத்திருக்கும் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது.

82 வயதில், குளிர் தாங்க முடியாத கட்டத்தில், ப்ரென்னெக்கி ஏரியை விட்டுக் கலிஃபோர்னியாவிலிருந்த தன் சகோதரரின் வீட்டுக்குப் போனார். வீட்டைப் பூங்காத் துறைக்குக் கொடுத்துவிட்டார். 2003 ஏப்ரலில், 86 வயதில் இறந்தார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவர் வீடு கட்டுகிற படங்களைப் பெரியம்மாவுக்கு போனில் காட்டினேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மரக் கீலைப் பார்த்து, "நல்ல வேலைக்காரன்" என்றார். குளிர் எவ்வளவு என்று கேட்டார். தனியாக இருந்தாரா, பயமில்லையா என்று கேட்டார். கரடி கதையைச் சொன்னதும் சிரித்தார். விமானம் பனிமேல் இறங்கித் தபால் வாங்கிக்கொண்டு போவதைச் சொன்னபோது சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"மாசத்துக்கு எத்தனை கடுதாசி போடுவாராம்?"

"ஏரி உறையிற சமயம் தவிர, பிளேன் வர்றப்பல்லாம் போடுவாராம் பெரியம்மா. ஒரே நேரத்துல கட்டுக்கட்டா."

"அவ்வளவு வேண்டாம்" என்றார் பெரியம்மா. "வருஷத்துக்கு ஒண்ணு போட்டிருந்தாக்கூட நான் அவரைப் போக விட்டிருப்பேன்."